மேசையை விட்டு இறங்கிய கணினி

எங்கள் குழுவில் ஒருவர் சென்ற தீபாவளியை ஒட்டி வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது, தமது மேசைக்கணினியைப் பழைய சாமான் வாங்குகிறவரிடம் போட்டுவிடுவதென்று தீர்மானித்தார். 2003இல் சென்னை ரிச்சி தெருவில், தாய்ப்பலகை ஒரு கடையில், நினைவகம் ஒரு கடையில், பெட்டி இன்னொரு கடையில் என்று அலைந்து வாங்கிப் பூட்டிய கணினி அது. வந்தவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பின்புறம் புடைத்த கண்ணாடித் திரையைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றுவிட்டார். நண்பர் இதை எங்களுக்கு எழுதியதோடு ஒரு கேள்வியையும் சேர்த்திருந்தார். வீட்டில் இரண்டு மடிக்கணினிகளும் நான்கு கைபேசிகளும் இருக்கின்றன; காலியாகப் போகும் மேசைக்கு இனி ஒரு கணினி வாங்கத்தான் வேண்டுமா?

சாதாரணக் கேள்விதான். ஆனால் ஒரு வாரம் எங்களுக்குள் மடல்கள் பறந்தன. நாங்கள் எல்லோரும் ஏதோ ஒரு மேசைக்கணினியின் முன் அமர்ந்து தமிழ் இணையத்துக்குள் வந்தவர்கள் என்பதால், பேச்சு சீக்கிரமே பழைய கதைகளில் போய் விழுந்தது. கருத்து வேறுபாடு தீர்ந்ததாகச் சொல்ல முடியாது. பெரும்பாலானவர்கள் வந்து சேர்ந்த இடத்தை மட்டும் இங்கே எழுதி வைக்கிறோம்.

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடலாம். அங்கே வாதத்துக்கு அதிக இடமில்லை. ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டது 1981இல். அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கணினி என்ற சொல்லுக்கே மேசை மேல் இருக்கும் பெட்டி என்றுதான் பொருள். 2008இன் மூன்றாம் காலாண்டில் உலக அளவில் மடிக்கணினிகளின் விற்பனை மேசைக்கணினிகளை முதன்முறையாக மிஞ்சியது. 2010இன் கடைசிக் காலாண்டில் திறன்பேசிகள் இரண்டையும் சேர்த்து மிஞ்சின. 2011இல் ஆண்டுக்கு 35 கோடிக்கு மேல் விற்ற கணினிகள் அதற்குப் பிறகு இறங்குமுகம் கண்டன. 2020, 2021 பெருந்தொற்று ஆண்டுகளில் பள்ளியும் அலுவலகமும் வீட்டுக்குள் வந்தபோது விற்பனை மறுபடி ஏறிற்று, 2023இல் 25 கோடி அளவுக்கு மீண்டும் இறங்கியது. அவற்றிலும் பெரும்பகுதி மடிக்கணினிகள். இணையத்தைப் பார்க்கப் பயன்படும் கருவிகளைக் கணக்கெடுக்கும் ஸ்டாட்கவுன்டர் நிறுவனம், 2016 அக்டோபரில் கைபேசியும் கைக்கணினியும் சேர்ந்து 51.3 விழுக்காட்டைத் தொட்டதாக அறிவித்தது. அந்தக் கணக்கில் மடிக்கணினி மேசைக்கணினியின் பக்கத்தில்தான் சேர்க்கப்பட்டிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

ஸ்டீவ் ஜாப்ஸ் 2010இல் ஒரு மேடையில் இதற்கு உவமை ஒன்று சொன்னார். அமெரிக்கா வேளாண் நாடாக இருந்தவரை வண்டி என்றாலே சரக்கு வண்டிதான். மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தபின் கார் போதுமாயிற்று. கணினிகள் இனி அந்தச் சரக்கு வண்டிகளைப் போல ஆகும், இருக்கும், ஆனால் சிலருக்கே தேவைப்படும் என்ற பொருளில் பேசினார். பலரும் மேற்கோள் காட்டிய உவமை. நம் ஊருக்கு அது பொருந்தாது. இங்கே பெரும்பாலான வீடுகளின் வாசலில் சரக்கு வண்டி நின்றதே கிடையாது. மேசைக்கணினி தமிழ்நாட்டு வீடுகளை இழந்துவிட்டது என்று சொல்வதற்கு, முதலில் அது அந்த வீடுகளைப் பிடித்திருக்க வேண்டும் அல்லவா? அது பிடித்திருந்த இடங்கள் வேறு. கல்லூரி ஆய்வகம், வங்கி, தட்டச்சு நிலையத்தின் புதிய அவதாரமான கணினிப் பயிற்சி நிலையம், பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் ஒட்டுப்பலகைத் தடுப்புகளோடு இயங்கிய பிரவுசிங் சென்டர். மணிக்கு இருபது, முப்பது ரூபாய் கொடுத்து, முன்னால் இருந்தவர் விட்டுப்போன வியர்வைப் பிசுக்கோடு எலியைப் பிடித்துத்தான் எங்களில் பாதிப்பேர் முதல் மின்னஞ்சல் முகவரியைத் தொடங்கினோம். கைபேசி வந்தபோது இந்த மாடிகள்தாம் காலியாயின. இப்போது அதே மாடியில் ஜெராக்ஸ் எடுக்கிறார்கள், ஆதார் திருத்துகிறார்கள், தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுத் தருகிறார்கள். அங்கும் மேசைக்கணினி இருக்கிறது, ஆனால் மேசையின் மறுபுறத்தில் இருக்கிறது. நாம் நின்றுகொண்டு விவரம் சொல்ல, உள்ளே அமர்ந்திருப்பவர் தட்டச்சு செய்கிறார். கையில் இணையம் வைத்திருப்பவர் கணினி முன் வரிசையில் நிற்கும் இந்தக் காட்சியைப் பற்றிப் பிறகு பேசுகிறோம்.

வீட்டில் கணினி வாங்கியவர்கள் மடிக்கணினிக்கு மாறியதற்கு மேற்கில் சொல்லப்படும் காரணங்களைவிட இங்கே எளிய காரணம் ஒன்று உண்டு: மின்வெட்டு. 2012இல் சென்னைக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாத ஊர்கள் இருந்தன. யு.பி.எஸ். என்ற கறுப்புப் பெட்டி மின்சாரம் போனதும் கூவத் தொடங்கும். பத்து நிமிடத்துக்குள் கோப்பைச் சேமித்து, கணினியை அணைத்துவிட வேண்டும். எழுதிக்கொண்டிருந்த சிறுகதையின் முடிவை அந்தக் கூவல் தீர்மானித்த நாட்கள் உண்டு என்று எங்களில் ஒருவர் சொல்வார். அவருடைய கதைகள் அக்காலத்தில் சட்டென்று முடிந்ததற்கு விமர்சகர்கள் வேறு காரணங்கள் கண்டுபிடித்தார்கள். இரண்டு மூன்று மணி நேரம் மின்கலத்தில் ஓடும் மடிக்கணினி அந்த வீடுகளுக்கு வந்தது ஆடம்பரத்துக்காக அல்ல. மாநில அரசு 2011 செப்டம்பரில் தொடங்கி மேனிலைப்பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியபோது, பல குடும்பங்களுக்கு அதுவே வீட்டில் நுழைந்த முதல் கணினியாக இருந்தது. மேசை என்ற படிக்கட்டை மிதிக்காமலே அவர்கள் மடிக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் மடியையும் மிதிக்காமல் கைக்கு வந்துவிட்டார்கள்.

ஆகவே மேசைக்கணினி இடத்தை இழந்துவருகிறதா என்றால், ஆம், இழந்துவருகிறது. அதை மறுப்பது வீண். எங்கள் மடல்களில் சிலர் மறுத்துப் பார்த்தார்கள். படத்தொகுப்புக் கூடங்களில் இருக்கிறதே, விளையாட்டுப் பிரியர்கள் வாங்குகிறார்களே, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கிறவர்களுக்குப் பெரிய வரைகலை அட்டை பொருத்தப் பெட்டி வேண்டுமே என்றார்கள். எல்லாம் உண்மை. வேகமாக வேலை செய்யும் சில்லு சூடாகும். சூட்டை வெளியேற்றக் காற்றும் இடமும் வேண்டும். மேசைப் பெட்டிக்குள் இருக்கும் செயலி அறுபது வாட்டிலிருந்து நூறு வாட்டுக்கு மேலும் மின்சாரம் தின்னலாம், மடியில் இருப்பதற்குப் பதினைந்திலிருந்து நாற்பது ஐம்பது வரை, கைபேசிக்குச் சில வாட்டுகளே. இயற்பியல் எவருடைய சந்தைக் கணிப்புக்கும் வளைந்து கொடுக்காது. ஆனால் இது வல்லுநர்களுக்கான வாதம். கவிதை எழுதுகிறவருக்கும் கட்டுரை எழுதுகிறவருக்கும் நூறு வாட்டுச் செயலி எதற்கு? பதினைந்து வாட்டே அதிகம்.

எங்களுடைய கவலை வேறிடத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல, தமிழ் எப்படிக் கணினிக்குள் வந்தது என்பதைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

எந்தப் பெருநிறுவனமும் கேட்டுக்கொண்டு தமிழ் அங்கே போகவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செய்து விலையின்றி வழங்கினார். பின்னர் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தையும் தொடங்கிவைத்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழ் இணையத்துக்கு வழிவகுத்தார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி விசைப்பலகைக்கு ஒரு தரம் வந்தது. இன்றும் தமிழ் 99 என்றே அழைக்கப்படுகிறது. தமிழா குழுவினரின் எ-கலப்பை வந்தது. சுரதாவின் பொங்குதமிழ் எழுத்துரு மாற்றி வந்தது. யுனிகோடு 1991லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தாலும், சாதாரணக் கணினியில் அது கண்ணுக்குத் தெரிவதற்கு விண்டோஸ் 2000உம் லதா எழுத்துருவும் வரவேண்டியிருந்தது. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் பெரும்பாலும் மாலை நேரங்களில் வீட்டு மேசையில் அமர்ந்து வேலை பார்த்த தனிமனிதர்கள்.

அவர்களால் அது எப்படி முடிந்தது? திறமை, மொழிப்பற்று என்று சொல்லிப் போய்விடலாம். அவர்கள் கையிலிருந்த இயந்திரத்தின் தன்மையையும் சொல்லியாக வேண்டும். ஐ.பி.எம். தன் முதல் கணினியைக் கடையில் கிடைத்த உறுப்புகளைக் கொண்டே அவசரமாகக் கட்டியதால், அதன் அமைப்பு யாரும் படியெடுக்கக்கூடியதாக இருந்தது; அதே போன்ற கணினிகளைப் பிற நிறுவனங்கள் ஓரிரு ஆண்டுகளிலேயே செய்யத் தொடங்கின. ரிச்சி தெருவில் பெட்டி ஒரு கடையிலும் பலகை இன்னொரு கடையிலும் வாங்க முடிந்தது அதனால்தான். மென்பொருளிலும் அந்தத் திறப்பு இருந்தது. எழுத்துருக் கோப்பு ஒன்றைச் செய்து குறிப்பிட்ட கோப்புறையில் போட்டால், கணினி அதை ஏற்றுக்கொண்டது. விசை அழுத்தங்களை இடைமறித்து வேறெழுத்தாக மாற்றும் நிரலை எழுதினால் அதையும் ஏற்றுக்கொண்டது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து அந்தக் கணினிகளை நாம் ஏமாற்றினோம் என்றுகூடச் சொல்லலாம். அது தன்னை ஏமாற்ற அனுமதித்தது.

இப்போது கைபேசியை நினைத்துப் பாருங்கள். ஐபோன் 2007இல் வந்தது. அதில் வெளியார் செய்த விசைப்பலகையை எல்லாச் செயலிகளிலும் பயன்படுத்த ஆப்பிள் அனுமதித்தது 2014இல். பயனர் தாமே எழுத்துரு ஒன்றை முறையாக நிறுவிக்கொள்ள வழி வந்தது 2019இல். ஆண்ட்ராய்டு அவ்வளவு இறுக்கமில்லை, ஆனால் தொடக்க ஆண்டுகளில் பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. அந்நாட்களில் ஓபரா மினி உலாவியின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாக அனுப்பச் சொல்லி ஓர் ஏற்பாட்டை இயக்கிவிட்டுத் தமிழ் வாசித்தவர்கள் எங்களில் உண்டு. எழுத்தைப் படமாக வாங்கி வாசித்தோம். அந்தக் கைபேசியில் எழுத்துருவை நாமே போட்டுக்கொள்ள வழியில்லை. யார் தயவோ வேண்டியிருந்தது. அந்தத் தயவு பின்னர் கிடைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2013இல் ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை சேர்ந்து வந்தது. இன்று கைபேசியில் தமிழ் எழுதுவது கணினியில் எழுதுவதைவிட எளிது. ஆனால் கைபேசி முதலிலும் மேசைக்கணினி பிறகும் வந்திருந்தால், யார் காத்திருந்திருப்பார்கள், எத்தனை காலம் காத்திருந்திருப்பார்கள்? தமிழுக்குச் சந்தை இருக்கிறதென்று ஒரு நிறுவனத்துக்குத் தெரிவதற்கு, அதற்கு முன்பே பதினைந்து, இருபது ஆண்டுகள் தமிழர்கள் சந்தையின்றி எழுதிக் குவித்திருக்க வேண்டியிருந்தது. நம்மைவிடச் சிறிய மொழிகளின் நிலையை யோசித்தால் இது இன்னும் உறைக்கிறது.

விண்டோஸ் எக்ஸ்.பி.யில் தமிழ் சரியாகத் தெரிவதற்கு நிறுவல் குறுந்தகட்டைத் தேடி எடுத்து ஒரு பெட்டியில் குறியிட வேண்டும் என்பதும், திஸ்கி பக்கங்களை வாசிக்க உலாவியின் குறியாக்கத்தைப் பயனர் வரையறைக்கு மாற்ற வேண்டும் என்பதும் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? தொல்லைதான். அந்தத் தொல்லையைப் புனிதமாக்க நாங்கள் விரும்பவில்லை. ஆனால் அந்தத் தொல்லை வழியாகத்தான் தமிழாசிரியர்களும் வங்கி ஊழியர்களும் இல்லத்தரசிகளும் எழுத்து என்பது கணினிக்குள் எண்ணாக இருக்கிறது, கோப்பு என்று ஒன்று இருக்கிறது, அது ஓர் இடத்தில் இருக்கிறது, அதை வேறிடத்துக்குப் படியெடுக்கலாம் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டார்கள். எங்களோடு இருக்கும் கல்லூரி ஆசிரியர் ஒருவர் சொல்கிறார்: முதலாண்டு மாணவர்களிடம் கட்டுரையை எங்கே சேமித்தாய் என்று கேட்டால், வாட்ஸப்பில் இருக்கிறது என்கிறார்கள். பொய் இல்லை. அவர்கள் அறிந்த இடம் அதுதான். கோப்புறை என்ற கருத்து அவர்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள், நம்மைவிட வேகமாகத் தட்டச்சு செய்கிறவர்கள். ஆனால் அரசுத் தளத்தில் ஒரு விண்ணப்பத்தைக் குறிப்பிட்ட அளவுக்குள் சுருக்கிப் பதிவேற்றச் சொன்னால், அந்த மாடிக் கடையின் வரிசையில் போய் நிற்கிறார்கள். முன்பு பேசுகிறோம் என்று சொன்ன காட்சி இதுதான். கையில் இருப்பது பார்ப்பதற்கான கணினி. செய்வதற்கான கணினி மேசைக்கு மறுபுறம் இன்னொருவரிடம் இருக்கிறது, அவர் ஐம்பது ரூபாய் வாங்குகிறார்.

எழுத்துக்கு வருவோம், நம் தொழில் அதுதானே. எங்களுக்கு வரும் ஆக்கங்களில் இன்று பெரும்பாலானவை கைபேசியில் எழுதப்பட்டவை. சொல்லாமலே தெரிந்துவிடும். பத்திகள் குட்டையாக இருக்கும், ஏனெனில் சிறுதிரையில் ஆறு வரியே பெரிய பத்தியாகத் தெரிகிறது. மூன்றாம் பக்கத்தில் வந்த வாக்கியம் ஐந்தாம் பக்கத்தில் அப்படியே மறுபடி வரும்; எழுதியவர் மேலே போய்ப் பார்க்கவில்லை, பார்ப்பது கடினம். குரல்வழித் தட்டச்சு வந்த பிறகு ஒற்றுப்பிழைகளின் இயல்பே மாறிவிட்டது. முன்பு விரலின் பிழைகள், இப்போது காதின் பிழைகள். இதையெல்லாம் அடுக்கிக்கொண்டே போய், பார் எப்படிக் கெட்டுவிட்டது என்று முடிக்க எங்களில் மூத்தவர்களுக்கு ஆசை. அவர்களை நிறுத்தியது ஒரு மடல். எங்கள் குழுவில் இருக்கும் ஒரு பெண்மணி எழுதியது. தம் வீட்டில் 2000ஆம் ஆண்டிலிருந்தே மேசைக்கணினி இருந்ததாகவும், கணவருக்கும் மகனுக்கும் இடையில் தமக்கு அதில் அமர இடம் கிடைத்ததே இல்லை என்றும், தம் முதல் தொகுதியின் பதினொரு கதைகளையும் அடுக்களையிலும் பேருந்திலும் நின்றபடி கைபேசியில் எழுதியதாகவும் சொல்லியிருந்தார். மேசை உங்களுடையதாக இருந்ததால் அதன் அருமை பேசுகிறீர்கள் என்று ஒரு வரி. அதற்குப் பிறகு இரண்டு நாட்கள் யாரும் மடல் போடவில்லை.

அவர் சொன்னது நியாயம். மேசை என்பது வெறும் மரச்சாமான் இல்லை, வீட்டில் ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட இடமும் நேரமும் அது. அது யாருக்கு ஒதுக்கப்பட்டது என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு மேசைக்கணினிக்கு இரங்கல் பாடுவது சரியாகாது. கைபேசி தமிழுக்குக் கொண்டுவந்து சேர்த்த எழுத்தாளர்களின் பட்டியலை எடுத்தால், அவர்களில் எத்தனை பேருக்கு மேசை வாய்த்திருக்கும்?

அதே பெண்மணி மடலின் பிற்பகுதியில் இன்னொன்றும் எழுதியிருந்தார், மூத்தவர்கள் அதை உடனே பிடித்துக்கொண்டார்கள். தொகுதி அச்சுக்குப் போகுமுன் திருத்துவதற்காக அவர் பதிப்பகத்துக்குப் போய், அங்கிருந்த பெரிய திரையில் இரண்டு பக்கங்களை அருகருகே வைத்து வாசித்தபோதுதான், நான்கு கதைகள் ஒரே மாதிரி தொடங்குவது தெரிந்ததாம். கைக்குள் எழுதியவை கைக்குள் அடங்கும்வரை தெரியவில்லை. இரண்டு கதைகளை மாற்றி எழுதினார், ஒன்றை நீக்கினார். எழுதுவதற்கு ஒரு கருவி, எழுதியதைப் பார்ப்பதற்கு இன்னொரு கருவி என்பது புதிதொன்றும் இல்லை. கையெழுத்துப் படியில் தெரியாத குற்றம் அச்சுப் படிவத்தில் தெரியும் என்பது ஈய எழுத்துக் காலத்திலிருந்தே எழுத்தாளர்களுக்குத் தெரிந்ததுதான்.

பதிப்பகத்தைப் பற்றிச் சொன்னதால் ஒரு சிறு விலகல். தமிழில் இன்று வெளியாகும் புத்தகங்கள், சிற்றிதழ்கள் ஏறக்குறைய எல்லாமே எங்கோ ஒரு மேசைக்கணினியில் பக்கம் கட்டப்பட்டவை. 1985இல் மெக்கின்டாஷும் லேசர் அச்சுப்பொறியும் பேஜ்மேக்கரும் சேர்ந்து தொடங்கிவைத்த தொழிலின் பெயரிலேயே மேசை இருக்கிறது, டி.டி.பி. என்று சொல்லிச் சொல்லி நாம் அதை மறந்துவிட்டோம். ஈய எழுத்துகளைக் கோத்து நடந்த சிற்றிதழ்கள் தொண்ணூறுகளில் மூச்சு விட்டுக்கொண்டது இந்தப் பெட்டியால்தான். கவிஞர் கைபேசியில் எழுதட்டும், வாசகர் கைபேசியில் வாசிக்கட்டும், நடுவில் ஒருவர் அந்தப் பழைய பெட்டியின் முன் அமர்ந்து வரி வரியாக இடைவெளி சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். விக்கிப்பீடியாவிலும் இதே கதை. வாசிப்பில் பெரும்பகுதி கைபேசி வழியாக. தொகுப்பில் பெரும்பகுதி இன்னும் கணினி வழியாக.

மடிக்கணினி இரண்டுக்கும் பொதுவானதாயிற்றே, அதோடு விட்டுவிடலாமே என்று கேட்கலாம். எங்களில் பலர் அப்படித்தான் விட்டுவிட்டார்கள். திரை உயரத்தில் இருந்தால் விசைப்பலகை எட்டாது, விசைப்பலகை எட்டினால் கழுத்து குனியும் என்ற உடல் கணக்கு ஒருபுறம். அதைவிட முக்கியமாக, புதிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகமும் சில்லுகளும் பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகின்றன. போதவில்லை என்றால் கூட்ட முடியாது, கெட்டால் மாற்ற முடியாது. நண்பரின் 2003ஆம் ஆண்டுக் கணினி பதினாறு ஆண்டுகள் ஓடியது, நடுவில் நினைவகம் இரண்டு முறை, வன்தட்டு இரண்டு முறை, மின்வழங்கி மூன்று முறை மாறியது, தாய்ப்பலகையும் ஒருமுறை. முதலில் வாங்கியதில் எஞ்சியது பெட்டியும் திரையும்தான் என்றார். ஆனாலும் அவருக்கு அது அதே கணினிதான். அதே காலத்தில் அவர் வீட்டுக்குள் எத்தனை கைபேசிகள் வந்து போயின என்று அவரால் எண்ணிச் சொல்ல முடியவில்லை.

இதெல்லாம் எழுதிய பிறகும் அவருடைய கேள்வி அப்படியே இருந்தது, வாங்க வேண்டுமா? எல்லோரும் வாங்க வேண்டும் என்று எங்களால் சொல்ல முடியாது. ஒரு வீட்டில் ஒன்று இருக்கட்டும் என்பதே பெரும்பான்மைக் கருத்து, குறிப்பாக வீட்டில் பிள்ளைகள் இருந்தால். புதிதாக வேண்டியதுமில்லை. 2025 அக்டோபரில் மைக்ரோசாப்ட் விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவைப் பொதுவாக நிறுத்திக்கொண்டதால், நல்ல நிலையில் உள்ள அலுவலகக் கணினிகள் பல குறைந்த விலைக்குச் சந்தைக்கு வருகின்றன. அவற்றில் லினக்சைப் போட்டால் எழுதவும் வாசிக்கவும் பழகவும் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் பார்க்கலாம். திருகுகள் தொலையும், பரவாயில்லை.

நண்பர் அப்படியொன்றை வாங்கிவிட்டார். ஆனால் பழைய சாமான்காரரைப் பற்றி அவர் எழுதியதில் நாங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயத்தை, எங்களில் இளையவர் ஒருவர் நாலாவது நாள் கேட்டார்: அந்த வன்தட்டு என்ன ஆயிற்று? எடைக்குப் போட ஒத்துக்கொண்ட பெட்டிக்குள் வன்தட்டும் இருந்தது. நல்லவேளை, சாமான்காரர் அதை எடுத்துப் போக மறுவாரம் வருவதாகச் சொல்லியிருந்தார். வன்தட்டைக் கழற்றி, புதிதாக வந்த பெட்டியில் செருகிப் பார்த்தோம். முதல் வன்தட்டிலிருந்து வரிசையாகப் படியெடுத்துவந்த கோப்புகள் அதில் இருந்தன. ஒரு காலத்தில் வெளியாகி நின்றுபோன மின்னிதழ் ஒன்றின் ஏழு இதழ்கள், இப்போது உயிரோடில்லாத கவிஞர் ஒருவர் அனுப்பிய கடிதங்கள், நண்பர் தாமே மறந்துபோன அரை நாவல் ஒன்று. எல்லாம் திஸ்கியிலும் வேறு எழுத்துருக் குறியாக்கங்களிலும் இருந்ததால் திறந்தால் எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. கைபேசியில் அவற்றைத் திறந்து பார்த்திருந்தால், கெட்டுப்போன கோப்பு என்று அழித்திருப்போம். ஒரு மாலை முழுவதும் அமர்ந்து ஒவ்வொன்றாக மாற்றினோம். கடிதங்களில் மூன்று, எந்தக் குறியாக்கம் என்று தெரியாமல் இன்னும் மேசை மேல் திறந்தபடி இருக்கின்றன. தொண்ணூறுகளின் கடைசியில் புழங்கிய தமிழ் எழுத்துருக்களை வைத்திருப்பவர்கள் யாரேனும் இருந்தால் எங்களுக்கு எழுதலாம்.